துணிக்கடை நகரத்துக்குப் பெயர் தந்த நெசவாளர்
வெள்ளுடை வேந்தர் தியாகராயர் வரலாறு

தீபாவளி வந்துவிட்டால் சென்னையில் ஜனக்கூட்டம் எங்கே போகும்? தி.நகருக்குத்தான் போகும்.

கல்யாணப் பட்டா? தி.நகர். பிள்ளைக்குச் சட்டையா? தி.நகர். பொங்கலுக்குப் புதுவேட்டியா? அதற்கும் தி.நகர். ரங்கநாதன் தெருவில் நுழைந்தவர் தாமாக நடக்க வேண்டியதில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். இந்தியாவிலேயே மிக அதிகமாக வியாபாரம் நடக்கும் கடைத்தெருக்களில் ஒன்று அது.

தி.நகர் என்றால் தியாகராய நகர். சரி, அந்தத் தியாகராயர் யார்?

துணிப்பையும் கையுமாகத் திரும்பும் ஆயிரம் பேரை நிறுத்திக் கேட்டால், எத்தனை பேர் சரியாகச் சொல்வார்களோ தெரியாது. பெரிய கட்சித் தலைவர் என்று சிலர் சொல்லலாம். நகரசபைத் தலைவர் என்று சிலர் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. அவர் ஒரு நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. தம் சொந்த நெசவுச்சாலையில் தறிகள் ஓடக் கண்டு மகிழ்ந்தவர். துணி விற்கும் ஊருக்குத் துணி நெய்தவர் பெயரே வாய்த்தது!

அவர் வாழ்ந்த இடம் தி.நகர் அல்ல. நகரத்தின் மறுகோடி. ராயபுரத்துக்குப் பக்கத்திலுள்ள வண்ணாரப்பேட்டை.

துணியால் பிறந்த ஊர்

வடசென்னை என்றதும் இன்று துறைமுகமும், அனல் மின் நிலையமும், தொழிற்சாலைப் புகைபோக்கிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பகுதி முதலில் பேர்பெற்றது துணியால்தான்.

1639-ல் ஆங்கிலக் கம்பெனியார் இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தார்கள். இங்கே அப்போது நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நிற்கும். மசூலாப் படகில் சரக்கை ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டித்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தை ஏன் பிடித்தார்கள்? இந்தப் பக்கத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. அதுதான் காரணம்.

துணி வேண்டும் என்றால் நெசவாளர் வேண்டும். ஆகவே நெசவாளர்களை அழைத்து வந்து குடியேற்றினார்கள். திருவொற்றியூருக்குப் பக்கத்தில், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் என்பவர் ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலெட் பேட்டை என்ற அந்தப் பெயர்தான் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. பிறகு 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர்களுக்காகவே எழுந்தது.

நெய்த துணியை அப்படியே கப்பலேற்ற முடியாது. கஞ்சிப் பசை போக அலச வேண்டும். வெயிலில் உலர்த்தி வெளுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த சலவைத் தொழிலாளர் குடியிருந்த இடமே வண்ணாரப்பேட்டை. ஊரின் பெயரிலேயே தொழிலும் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக் கட்டம் போட்ட துணிக்கு உலகம் முழுவதும் கிராக்கி இருந்தது. அதற்குச் சென்னைக் கைக்குட்டை என்று பெயர். பெயர்தான் கைக்குட்டை, அளவோ ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம். எட்டுக் கைக்குட்டை சேர்ந்தால் ஒரு துண்டு. லண்டன் வழியாக அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. இன்றைய நைஜீரியா நாட்டில் கலபாரி என்றொரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் துணியை இஞ்சிரி என்று அழைக்கிறார்கள். பிள்ளை பிறந்தாலும் அது வேண்டும். பெரியவர் இறந்தாலும் அது வேண்டும். சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளே புதுக்கோலம் உண்டாக்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இங்கே ஒரு தறிக்குழியில் பிறந்த துணி, அங்கே கடல் கடந்து குலச்சொத்து ஆகிவிட்டது!

படித்த பிள்ளை

இப்படிப்பட்ட நெசவு உலகத்தில், 1852-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தியாகராயர் பிறந்தார். தேவாங்கர் குலம். வீட்டில் பேசியது தெலுங்கு. பிட்டி என்பது குடும்பப் பெயர். நெசவோடு வேறு வியாபாரங்களும் செய்த செல்வர் குடும்பம்.

அவருக்கு நான்கு வயது நடந்தபோது, 1856-ல், பக்கத்து ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவிலேயே முதல் ரயில் அது. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. புது யுகம் ஒன்று கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது.

தியாகராயர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவருக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்திருக்கும். கௌரவமான வாழ்வு, மாதம் பிறந்தால் சம்பளம். வேறு குலத்தொழில் எதற்கு என்று எண்ணிவிட்ட வாலிபர் அநேகர்.

தியாகராயர் அப்படி எண்ணவில்லை. அவர் வியாபாரத்தையும் தறியையும் விடவில்லை. படித்த படிப்பைத் தறிக்கே திருப்பினார்.

மான்செஸ்டர் துணி வந்தது

அந்த நாளில் தறிக்குப் பெரிய ஆபத்து வந்திருந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆலைகள் நீராவியால் ஓடின. அங்கே நெய்த துணி கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியது. விலையோ குறைவு. ஒரு காலத்தில் எந்தக் கரையிலிருந்து துணி ஏற்றுமதி ஆயிற்றோ, அதே கரையில் அந்நியத் துணி மூட்டை மூட்டையாக இறங்கியது.

அதன் மேல் பஞ்சமும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை ஒரு கொடும் பஞ்சம் வாட்டியது. பஞ்ச காலத்தில் உழவனைப் போலவே நெசவாளனும் அடிபடுவான். ஏன்? சோற்றுக்கே காசு இல்லாதபோது புதுத்துணி யார் வாங்குவார்? கிழிந்ததைத் தைத்துக் கட்டிக்கொள்வார்கள். தறி சும்மா நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

நெசவாளர்களைக் காப்பாற்ற வழி என்ன? அந்நியத் துணியைத் திட்டினால் மட்டும் போதுமா? போதாது என்று கண்டவர்களில் தியாகராயர் ஒருவர். கைத்தறியில் வேகம் கூடினால்தான் நெசவாளன் பிழைப்பான் என்பது அவர் முடிவு.

கயிறு இழுத்தால் ஓடும் நாடா

தறியைப் பார்க்காத பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே போகும் நூலுக்கு ஊடை என்று பெயர். பழைய தறி குழித்தறி. நெசவாளர் தரையில் ஒரு குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்காருவார். காலால் மிதித்தால் பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அந்த வாய்க்குள் ஊடை நூலைக் கொண்டு போகும் கருவிக்கு நாடா என்று பெயர். ஓடம் என்றும் சொல்வார்கள். படகு போலவே இருக்கும்.

நாடாவை வலக்கையால் வீசி இடக்கையால் பிடிக்க வேண்டும். பிறகு இடக்கையால் வீசி வலக்கையால் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு வீச்சு. ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் வீச்சு என்று எண்ணிப் பாருங்கள்! துணி அகலமாக இருந்தால் ஒருவர் கை எட்டாது. இரண்டு பேர் உட்கார வேண்டும்.

1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். தறியின் இரு பக்கமும் இரண்டு சிறு பெட்டி. நடுவே ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாயும். மறுபடி இழுத்தால் திரும்பி வரும். ஒருவரே அகலத் துணி நெய்யலாம். நேரமும் மிச்சம். அதே கைத்தறிதான், ஆனால் ஏறக்குறைய இரு மடங்கு வேலை!

இது நம் நாட்டில் பரவ நெடுங்காலம் ஆயிற்று. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் இதில் அக்கறை எடுத்துக்கொண்டார். சர்க்கார் பக்கத்தில் அவர் என்றால், நெசவாளர் பக்கத்தில் தியாகராயர். வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் சுமார் நூறு தறிகள் கொண்ட நெசவுச்சாலை அவருடையது. அங்கே இந்தப் புதுமுறைத் தறிகளை ஓட்டிக் காட்டினார். மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னார்.

நெசவாளர் எல்லாரும் உடனே கேட்டுவிடவில்லை. அவர்களுக்கும் காரணம் இருந்தது. நாடா வேகமாகப் பாய்ந்தால் இளைத்த நூல் அறுந்துபோகும். கெட்டிக்கரை வைத்த புடவைக்கு ஒரே நாடா போதாது. கை வீச்சே நல்லது. புதுத்தறிக்கு முதலும் வேண்டும். கடன்காரனிடம் நூல் வாங்கி நெய்பவன் முதலுக்கு எங்கே போவான்? ஆனாலும் நாளடைவில் கயிற்று நாடா ஊர் ஊராகப் பரவியது. இன்று தமிழ்நாட்டில் பல ஊர்க் கைத்தறிகளில் கேட்கும் அந்தச் சடக் சடக் ஓசை, அக்காலத்தில் சிலர் பிடிவாதமாகச் செய்த முயற்சியின் எதிரொலிதான்.

வெள்ளுடை வேந்தர்

தியாகராயர் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது அவருடைய உடை. வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. வேறு நிறம் கிடையாது.

அது எந்தக் காலம்? படித்தவர்கள் கால்சட்டை மாட்டிக் கழுத்தில் டை கட்டிக்கொண்டால்தான் மதிப்பு என்று எண்ணிய காலம். வெள்ளைக்காரத் தையல்காரன் தைத்த உடுப்பே நாகரிகம் என்று பலர் கருதிய காலம். பணத்துக்குக் குறைவில்லாத தியாகராயர், வேண்டுமானால் பட்டும் சரிகையும் போர்த்தியிருக்கலாம். சீமைக் கம்பளியில் உடுப்புத் தைத்திருக்கலாம். ஆனால் அவர் கவர்னர் மாளிகைக்கும் அதே வெள்ளுடையில்தான் போனார். பேட்டைக் கூட்டத்துக்கும் அதே வெள்ளுடையில்தான் வந்தார்.

1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வருவதாக ஏற்பாடு ஆயிற்று. நகரசபைத் தலைவர் பதவி அங்கி தரித்து வரவேற்க வேண்டும் என்பது மரபு. தம் வழக்கமான வெள்ளுடையே போதும் என்று கூறி, தியாகராயர் அதற்கு அனுமதி பெற்றார் என்று இன்றும் சொல்வார்கள். வெள்ளுடை வேந்தர் என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. சர்க்கார் கொடுத்த சர் பட்டத்தைவிட, ஜனங்கள் கொடுத்த இந்தப் பட்டமே இன்றும் இனிக்கிறது.

வியாபாரிகளின் சங்கம்

நெய்தால் மட்டும் போதுமா? விற்கவும் வேண்டும். கப்பல், ரயில், வங்கி, வரி எல்லாவற்றிலும் அன்று ஐரோப்பிய வியாபாரிகளின் குரலே ஓங்கியிருந்தது. அவர்களுக்குச் சென்னை வர்த்தக சபை என்ற பழைய அமைப்பு இருந்தது. இந்திய வியாபாரிக்கு அப்படி ஒரு பலம் இல்லை.

1909-ல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியது. அதன் முதல் தலைவர் தியாகராயர். பத்து ஆண்டுகளுக்கு மேல் அவரே தலைமை வகித்தார். இந்திய வியாபாரிகள் தங்கள் குறையைச் சர்க்காரிடம் ஒரே குரலாகச் சொல்ல அந்தச் சபை வழி வகுத்தது.

ஒரு அணாவில் ஒரு தர்மம்

சென்னை நகரசபையில் தியாகராயர் 1882-லேயே அங்கத்தினர் ஆனார். சுமார் 40 ஆண்டுகள் அங்கே உழைத்தார். சர்க்கார் அதிகாரியே தலைவராக இருந்த வழக்கம் மாறியபோது, அதிகாரி அல்லாத முதல் தலைவர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

அவர் தலைவராக இருந்தபோது நடந்த ஒரு காரியத்தைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் மறக்கலாகாது. 1920-ல் ஆயிரம் விளக்கிலுள்ள நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுப்பது என்று நகரசபை தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. ஏழைப் பிள்ளை பசியோடு வந்தால் படிப்பு ஏறாது. பசி பொறுக்காத பிள்ளை பள்ளிக்கே வராது. இதைத் தியாகராயர் எடுத்துக் காட்டினார். திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது.

பிற்காலத்தில் காமராஜர் ராஜ்யம் முழுவதும் மதிய உணவு கொடுத்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக அதை விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. அந்த நீண்ட வரிசையின் ஆரம்பத்தில் நகரசபையின் அந்த ஒரு அணா நிற்கிறது.

பதவி வந்தது, வேண்டாம் என்றார்

தியாகராயர் முதலில் காங்கிரசில் இருந்தவர். தெய்வ பக்தி மிகுந்தவர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்கு 10,000 ரூபாய் கொடுத்தும், சாதியின் காரணமாக அவருக்கு மேடையில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிறது. பக்தியை அவர் விடவில்லை. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு மாற வேண்டும் என்ற உறுதி அவரிடம் வளர்ந்தது.

1916 நவம்பரில் அவரும், டாக்டர் டி.எம்.நாயரும், டாக்டர் சி.நடேச முதலியாரும் மற்றும் பலரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார்கள். ஜஸ்டிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகை அதற்கு இருந்தபடியால் ஜனங்கள் அதை நீதிக்கட்சி என்றார்கள். உத்தியோகத்திலும் படிப்பிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்று அக்கட்சி கேட்டது.

1920-ல் நடந்த தேர்தலில் கட்சி ஜெயித்தது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். சென்னை ராஜதானியின் முதல் முதலமைச்சர் பதவி அது! அவர் ஏற்கவில்லை. அந்தப் பதவி சுப்பராயலு ரெட்டியாருக்குப் போயிற்று. பின்னர் பனகல் அரசருக்குப் போயிற்று. தியாகராயர் கட்சித் தலைவராகவே இருந்துவிட்டார்.

ஒரு கரும்புள்ளி

பெரியவர்கள் வரலாற்றில் ஒளியும் உண்டு, நிழலும் உண்டு. மறைத்தால் வரலாறு ஆகாது.

1921-ல் பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அதுவும் துணி நெய்யும் ஆலைதான். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் சண்டை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சர்க்கார் ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூறினார்கள். ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி.ராஜா மனம் நொந்தார். பின்னர் கட்சியை விட்டே விலகினார். சமநீதி கேட்டுப் பிறந்த கட்சி, தனக்கும் கீழே தள்ளப்பட்டவர்களின் துயரை அந்த வேளையில் சரியாக உணரவில்லை. அந்தக் குறை தியாகராயர் தலைமைக்கும் உரியதே.

ஏரியிலே எழுந்த நகர்

1925-ல் தியாகராயர் காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

அந்த ஆண்டுகளில்தான் மாம்பலம் பக்கத்தில் ஒரு புது நகர் உருவாகிக்கொண்டிருந்தது. நுங்கம்பாக்கம் முதல் நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து மனைகள் போட்டார்கள். அந்தப் புது நகருக்குத் தியாகராயர் பெயர் சூட்டப்பட்டது. நடுவே உள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். நடேசன், நாயர், உஸ்மான், தணிகாசலம் என்று தெருக்களுக்கும் நீதிக்கட்சிப் பெரியவர்கள் பெயர்கள். பாண்டி பஜார் என்று வழங்கும் கடைத்தெரு இருப்பதும் தியாகராய சாலையில்தான். பட்டுக்கும் சட்டைக்கும் அலையும்போது நாம் ஒரு வரலாற்றுப் புத்தகத்துக்குள்தான் நடக்கிறோம்!

முதலில் அது வீடுகள் நிறைந்த அமைதியான நகர். கடைவீதி பிறகு வந்தது. 1928-ல் காஞ்சிபுரத்து நெசவாளர் குலத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே ஒரு சிறு பட்டுக்கடை வைத்தார். பின்னால் ஒவ்வொன்றாகக் கடைகள் பெருகின. மாடி மேல் மாடி எழுந்தது. உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் தமிழர்களின் துணிச் சந்தை ஆயின. 2019-ல் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதை அமைந்தது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ஆகாய நடைபாதையும் வந்தது.

வடசென்னைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அவ்வளவு தூரம் போவதில்லை. அவர்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கிறது. பண்டிகை நாளில் அங்கும் எள் போட்டால் எள் விழாது. மீன்பிடித் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைப்பவர்களின் வீட்டுக்குப் புதுத்துணி பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. துணி வெளுத்த பேட்டை, துணி விற்கும் பேட்டை ஆகிவிட்டது.

சாயம் போனாலும் சரக்கு போயிற்று

துணி வியாபாரத்தில் நாகரிகம் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு நம் ஊர்த் துணியே சாட்சி. 1958-ல் ஒரு அமெரிக்க வியாபாரி சென்னைக் கட்டம் போட்ட துணியை வாங்கிப் போனார். அங்கே பெரிய கடை ஒன்று அதில் சட்டையும் கோட்டும் தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் கரைந்து ஓடியது! வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நிறம் கலந்து புது அழகு பெறும் அபூர்வத் துணி என்று விளம்பரம் செய்தார்கள். குறையே பெருமை ஆயிற்று. சாயம் போகும் சென்னைத் துணி என்று கேட்டு வாங்கினார்கள். இன்றும் அந்தக் கட்டங்களுக்கு உலகம் முழுவதும் மெட்ராஸ் என்றே பெயர்.

கட்டம் நம்முடையது, பெயர் நம்முடையது. ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் இங்கே நெய்தவை அல்ல. எங்கோ ஓர் ஆலையில், கையே படாமல் நெய்யப்பட்டவையும் உண்டு.

நெய்தவன் நிலை

தியாகராயர் காலத்தில் கைத்தறிக்கு எதிரி மான்செஸ்டர். இன்று விசைத்தறி, பெரிய ஆலை, தைத்து அடுக்கிய ஆயத்த உடை, கைப்பேசியில் தொட்டால் வீடு தேடி வரும் பொட்டலம் என்று போட்டி பல முனைகளில் வந்துவிட்டது.

கைத்தறியைக் காக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. 1935-ல் பிறந்த கூட்டுறவுச் சங்கமே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தறிகளுக்கு வேலை கொடுத்தது. 1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்ததை நினைத்து, அந்த நாளைத் தேசியக் கைத்தறி நாள் ஆக்கினார்கள். 2015-ல் அந்த விழா முதன்முதலாக நடந்தது நம் சென்னையில்தான்.

2019–20-ல் எடுத்த கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். நாடு முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தறியில் உட்காருவதும் அவர்கள்தான்.

கடையில் ஒரு சேலையைப் பிரித்துப் பார்க்கும்போது நிறம் பார்க்கிறோம். கரை பார்க்கிறோம். விலைச் சீட்டைப் பார்க்கிறோம். நெய்தவரை யாரும் பார்ப்பதில்லை. கைத்தறி என்று சொல்லி விற்பது கைத்தறிதானா? கைத்தறி முத்திரை இருக்கிறதா? இப்படி ஒரு வார்த்தை கேட்டால், கடைக்காரர் கொள்முதல் செய்யும்போது அதை நினைப்பார். நெசவாளர் வீட்டு அடுப்புக்கு அதுவே ஒரு சுள்ளி.

தியாகராயர் விட்டுச்சென்ற பாடமும் இதுதான். பழைய தொழிலைப் பரிதாபப்பட்டுக் காப்பாற்ற முடியாது. அதற்குப் புதுக்கருவி வேண்டும். விற்க வழி வேண்டும். தொழில் செய்பவனுக்கு மதிப்பு வேண்டும். மூன்றையும் அவர் தேடினார். நாடாவுக்குக் கயிறு கட்டினார். வியாபாரிக்குச் சங்கம் கண்டார். நெய்தவன் உடையை உடுத்தியே ராஜதானியின் உயர்ந்த சபைகளில் உட்கார்ந்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் தொடங்கிய சர் தியாகராயர் கல்லூரி இருக்கிறது. ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவர் சிலை நிற்கிறது. 2021-ல் வடசென்னைக்கு மெட்ரோ ரயில் வந்தபோது, கல்லூரி வாசலில் ஒரு நிலையத்துக்கு அவர் பெயரே வந்தது. அதே பாதையில் திருவொற்றியூரை நோக்கிப் போனால் காலடிப்பேட்டை நிலையமும் வரும். ஒன்று நெசவாளர் குலத்தில் பிறந்த பெரியவர் பெயர். மற்றொன்று நெசவாளருக்காகப் பிறந்த பேட்டையின் பெயர். இரண்டுக்கும் இடையே ரயில் சில நிமிஷங்களில் ஓடிவிடுகிறது. நெசவாளனின் முந்நூறு ஆண்டுக் கதை அந்தச் சில நிமிஷப் பாதைக்குள் அடங்கிக் கிடக்கிறது.